எந்தக் கையால் கொடுத்தான்?

1. வாய்க்குக் கிடைத்த வேலை

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே முதலாளி எனக்கு ஒரே ஒரு பாடம் சொன்னார்.

"தோ பாரு நைனா, படம் பேசாது. ஜனம் பேசும். ஜனம் வாய தொறக்கறதுக்கு முன்னாடி நீ தொறந்துடணும். நீ வாய மூடினா வேலை போச்சு."

இன்று படம் பார்க்கிற பிள்ளைகளுக்கு இது விளங்காது. அப்போது படங்கள் எல்லாம் ஊமை. ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் எங்கள் டென்ட்டுக் கொட்டகை. அதில் நான் கதை சொல்லுகிறவன். திரையின் ஓரத்தில் கையில் பிரம்போடு நின்றுகொண்டு, யார் ராஜா, யார் திருடன், இந்த அம்மாள் எதற்காக அழுகிறாள் என்றெல்லாம் உரக்கச் சொல்லவேண்டும். ஆண் குரல், பெண் குரல், குதிரைக் குளம்பு, இடி, கதவு சாத்தும் சத்தம், அத்தனையும் என் தொண்டைதான். அதற்கு முன் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஏலக் கூடத்தில் கூவிக்கொண்டிருந்தேன். டென்ட்டுக்குத் துணி ஏலம் எடுக்க வந்த முதலாளி, துணியோடு சேர்த்து என்னையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மற்றக் கொட்டகைகளில் ஆண்களும் பெண்களும் திரைக்கு முன்னால்தான் உட்காருவார்கள். நடுவில் ஒரு படுதா தொங்கும். எங்கள் முதலாளி எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். படுதாவுக்கு எதற்கு வீண் செலவு என்று திரையையே கொட்டகையின் நடுவில் கட்டிவிட்டார். மெஷின் இருக்கிற முன்பக்கம் ஆண்களுக்கு, திரைக்குப் பின்பக்கம் பெண்களுக்கு. ஆட்டம் தொடங்குமுன் மல் துணியில் நன்றாகத் தண்ணீர் தெளிப்போம். நனைந்த துணியில் படம் அந்தப் பக்கமும் பளிச்சென்று தெரியும். பின்பக்கத்தில் எழுத்து மட்டும் திரும்பித் தெரியும். அங்கே படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் வராததால் அதைப் பற்றி யாரும் வருத்தப்படவில்லை. பெண்களுக்கு அரை டிக்கெட்.

நான் திரையின் ஓரத்தில் நிற்பதால் என் குரல் இரண்டு பக்கமும் கேட்கும். படம் எனக்குச் சரியாகத் தெரியாது. அதனால் புதுப் பெட்டி வந்ததும் பகலில் டென்ட்டை இருட்டாக்கி, காதர் பாய் மெஷின் கைப்பிடியைச் சுற்ற, நான் முன்பக்க பெஞ்சியில் உட்கார்ந்து ஒரு தரம் பார்த்துக்கொள்வேன். இதற்கு ட்ரையல் என்று பேர்.

2. எழுதுகிறார், இன்னும் எழுதுகிறார்

பேசும் படம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பெட்டி வந்தது. பல ஊர் சுற்றி, பல இடங்களில் அறுந்து, ஒட்டுப் போட்டு வந்த பெட்டி. கும்பினிக் காலத்துக் கதை. தலையில் பொய் முடி வைத்த ஒரு கவிஞன், நாவல் எழுதுகிற ஒரு சீமாட்டி. இருவருக்கும் காதல். காதல் என்றால் சாதாரணக் காதல் இல்லை. இவன் எழுதியதை அவள் கிழிப்பாள், அவள் எழுதியதை இவன் ஆற்றில் விடுவான், பிறகு இருவரும் அழுதுகொண்டே அதே ஆற்றங்கரையில் உட்கார்ந்து மறுபடியும் எழுதுவார்கள்.

சண்டைப் படம் என்றால் எனக்குச் சர்க்கரைப் பொங்கல். கத்தி இருக்கும், குதிரை இருக்கும், வாய் தானாக ஓடும். இதில் என்ன சொல்வது? முதல் ஆட்டத்தில் நான் சொன்னது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

"கேளுங்கள் மகாஜனங்களே! கவிஞன் எழுதுகிறான். சிந்திக்கிறான். மீண்டும் எழுதுகிறான். அதோ, பேனாவை மையில் தோய்க்கிறான்!"

முன் பெஞ்சியில் காசி என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். எந்தப் படம் வந்தாலும் தினம் வருவார். அவர் எழுந்து நின்று கேட்டார்.

"இன்னா கதைக்காரரே, கணக்குப்புள்ளையும் கணக்குப்புள்ளையும் கட்டிக்கிற கதையா? எப்ப ஒதப்பாங்க?"

"பொறுங்கள், பொறுங்கள். காதல் கனிந்துகொண்டிருக்கிறது!"

"கனியறதுக்குள்ள நாங்க அயுகிடுவோம் போல கீது!"

நல்ல வேளையாக மூன்றாவது ரீலில் ஓர் அறை விழுந்தது.

ஆற்றங்கரையில் ஒரு கட்டில். கட்டிலில் உட்கார்ந்து கவிஞன் புத்தகம் எழுதி முடிக்கிறான். எழுந்து வந்து சீமாட்டியிடம் புத்தகத்தை நீட்டுகிறான். அவள் வாங்குகிறாள். வாங்கின கையோடு அவன் கன்னத்தில் பளார் என்று ஒன்று வைக்கிறாள். அவன் திகைத்து நிற்கிறான். அங்கே ஃபிலிம் கருகிப்போய், யாரோ வெட்டி ஒட்டியிருந்தார்கள். எதற்காக அறைந்தாள் என்று எழுத்துப் போட்டிருந்தால் அது அந்தக் கருகலோடு போய்விட்டது. ஒட்டுக்கு அப்பால் இருவரும் தனித்தனி ஊரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார்கள்.

காரணம் இல்லாத அறையை ஜனங்களுக்கு எப்படிக் கொடுப்பது? நானே ஒரு காரணம் போட்டேன்.

"பாருங்கள் மகாஜனங்களே! பணிவோடு புத்தகத்தைக் கொடுக்கிறான் கவிஞன். படித்தவள் என்ற கர்வம் அவள் கண்ணை மறைக்கிறது. அடிக்கிறாள்! அடாத செயல்!"

முன்பக்கம் "ஆமா ஆமா, திமிரு" என்று ஆமோதித்தது. பின்பக்கத்திலிருந்து, திரைத் துணியே ஆடுகிற மாதிரி ஒரு கூச்சல் கிளம்பியது.

"பொய்யி! பீச்சாங்கையால குடுத்தான்! அவ அடிச்சது சரிதான்!"

இடது கையால் ஒரு பொருளைக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் எத்தனை பெரிய அவமானம் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பிச்சைக்காரனுக்குக்கூட அப்படிப் போடமாட்டார்கள். அதுவும் புத்தகம், சரஸ்வதி.

"சோத்தாங்கையாலதான் குடுத்தான்! பொட்டைங்களா, கண்ணு அவிஞ்சி போச்சா?" என்று முன்பக்கம் பதில் போனது.

அந்த ஆட்டத்தில் அதற்கு மேல் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. ஊமைப் படம் ஊமையாகவே முடிந்தது.

3. காசி வீட்டுச் சோறு

ஒரு சண்டை ஒரு ஆட்டத்தோடு முடியும் என்று நினைத்தேன். சண்டை வீட்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் காசி வந்து என் பிரம்பைப் பிடுங்கிக்கொண்டார். "கதைக்காரரே, எம் பொண்டாட்டி செல்லம்மா எனக்குப் பீச்சாங்கையால சோறு போடறா. கேட்டா, 'நேத்து அந்தக் கம்மனாட்டி குடுத்தது சோத்தாங்கைன்னா, இதுவும் சோத்தாங்கைதான், துன்னு'ங்கறா. நான் பட்டினி. நீ பதில் சொல்லு."

செல்லம்மா தனியாள் இல்லை. பனைமரத் தொட்டியிலிருந்து தண்டையார்பேட்டை வரையில் இதே கதை. ஆண்கள் ஒருமிக்கச் சோத்தாங்கை என்றார்கள். பெண்கள் ஒருமிக்கப் பீச்சாங்கை என்றார்கள். ஒரு ஆணாவது அந்தப் பக்கம் சாய்ந்தானா, ஒரு பெண்ணாவது இந்தப் பக்கம் சாய்ந்தாளா என்றால், இல்லை. எழுத்தாளர்களைப் பற்றி ராயபுரத்தில் இத்தனை அக்கறை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

என் வீடு மட்டும் என்ன வாழ்ந்தது? என் மனைவி அமிர்தம் தினமும் முதல் ஆட்டத்துக்கு வந்து, பின்பக்கத்தில் தூணோரமாக ஒரு பாயில் உட்கார்ந்து பார்ப்பாள். நான் சொல்வது எடுபட்டதா இல்லையா என்று வீட்டுக்குப் போனதும் சொல்லுவாள். அவள் நன்றாயிருந்தது என்று சொன்னால் எனக்கு ஏலத்தில் எதையோ ஜெயித்த மாதிரி இருக்கும். அந்த முதல் சண்டை நடந்த அன்றும் என்னோடுதான் நடந்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"ஏன்யா, ஊரு முன்னாடி அப்படிப் பொய் சொன்ன?"

"பொய்யா? நான் ட்ரையல்ல பார்த்தேன். வலது கை."

"நானும் என் கண்ணால பாத்தேன். பீச்சாங்கை."

"உனக்குக் கண்ணுல ஏதோ கோளாறு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். காலையில் எழுந்தபோது அடுப்பு மூட்டப்படவில்லை. அவளுடைய துணி மூட்டையும் இல்லை, அவளும் இல்லை. நெட்டுக்குப்பத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கல்யாணமாகி அதுவரை அவள் கோபித்துக்கொண்டு போனதே இல்லை. காலி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஊருக்கெல்லாம் ஓயாமல் பேசுகிறவனுக்குத் தன் வீட்டில் பேச ஆளில்லை. பயமாக இருந்தது. இதை மறைப்பதில் எனக்கு ஒன்றும் லாபமில்லை.

4. மூன்று காலில் நின்ற மாமியார்

கூடை நிறையப் பழமும் தலை நிறைய யோசனையுமாக எண்ணூருக்குப் போனேன். நெட்டுக்குப்பத்தில் மாமியார் வீட்டு வாசலில் நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வரவேற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. நேராகத் தன் வழக்கைத் தொடங்கினார்.

"குந்த வெக்கக் கட்டிலு இல்ல மாப்ள, தரையில குந்து. போன வருசம் பட்டணத்துலருந்து ஒரு கும்பலு வந்து, இன்னாமோ பொட்டிய வெச்சிகினு ஆத்தங்கரையில கூத்தடிச்சானுங்க. ஒரு நாளைக்குன்னு கட்டில வாங்கினு போனானுங்க. கலீஜ் பசங்க, ஒரு கால ஒடச்சிக் குடுத்தானுங்க. மூணு காலுல எவன் குந்துவான்?"

"அத்தை, அமிர்தத்தை..."

"உள்ளதான் கீறா. நீயாச்சு அவளாச்சு. என் கட்டிலுக்கு நாயம் சொல்றவன் எவனும் இல்ல."

அமிர்தம் கதவோரம் வந்து நின்றாள். பழத்தைப் பார்க்கவே இல்லை.

"ஞாயித்துக்கெயமை ஆட்டத்துக்கு வரேன். அம்மாவும் வரும். அந்தாளு பீச்சாங்கையால குடுத்தான்னு அத்தினி பேரு முன்னாடி நீ சொல்லணும். சொன்னா ஒன்கூட வூட்டுக்கு வரேன். இல்லாகாட்டி இங்கியே இருந்துக்கறேன்."

திரும்பி வந்து முதலாளியிடம் நிலைமையைச் சொன்னேன்.

"பீச்சாங்கைன்னு சொன்னா ஆம்பளைங்க பெஞ்ச ஒடைப்பாங்க நைனா."

"அப்போ வலது கைன்னே சொல்லிடட்டுமா?"

"பொம்பளைங்க துணிய கியிச்சிடுவாங்க."

"ஒண்ணும் சொல்லாம இருந்துடட்டுமா?"

"வாய மூடினா வேலை போச்சுன்னு மொத நாளே சொன்னேனே."

மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த காதர் பாய் நிமிராமலே சொன்னார்: "தோஸ்து, எங்கூட்லயும் இதே பேஜாருதான். நான் மெஷின் சுத்தறவன். என் பேச்சையே நம்பல."

5. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்

அன்று டென்ட்டில் காற்று நுழைய இடமில்லை. படம் பார்க்க வந்த கூட்டம் இல்லை அது, தீர்ப்புக் கேட்க வந்த கூட்டம். பின்பக்கத்தில் அமிர்தமும் மாமியாரும் அதே தூணோரம் உட்கார்ந்திருப்பதைத் திரை ஓரத்திலிருந்து பார்த்தேன்.

மூன்றாவது ரீல் வந்தது. கவிஞன் புத்தகத்தை நீட்டினான். மொத்தக் கொட்டகையும் என் வாயைப் பார்த்தது.

"கேளுங்கள் மகாஜனங்களே! கவிஞன் கொடுக்கிறான்... கொடுக்கிறான்... தன்னுடைய..."

"எந்தக் கை? சொல்லுய்யா!" இது பின்பக்கம்.

"தன்னுடைய... அன்பான..."

"கை! கை!" இது முன்பக்கம்.

காசிக்குப் பசி. அத்தனை நாளாக அவர் வயிறாரச் சாப்பிடவில்லை. அவர் பெஞ்சியிலிருந்து குதித்து, "இரு, அந்தக் குருட்டுக் கும்பல ஒயுங்கா பாக்கச் சொல்றேன்" என்று கத்திக்கொண்டே திரையைச் சுற்றி ஓடிப் பின்பக்கத்தில் நுழைந்தார். செல்லம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் திரையைக் காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

காதர் பாய் ரீலைப் பின்னுக்குச் சுற்றி அதே இடத்தை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அடங்கொய்யால," என்றார் காசி மெதுவாக. "இங்க மெய்யாலுமே பீச்சாங்கைடா!"

அவ்வளவுதான். முன்பக்கத்து ஆண்கள் அத்தனை பேரும் பெஞ்சிகளைத் தாண்டிக்கொண்டு பின்பக்கம் ஓடினார்கள். அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று பார்க்கப் பெண்கள் அத்தனை பேரும் முன்பக்கம் வந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுத்து திரும்பித் தெரிந்தால் கை மட்டும் எப்படித் திரும்பாமல் இருக்கும்? இத்தனை வருஷம் இது ஏன் தெரியவில்லை என்றால், நாங்கள் ஓட்டியதெல்லாம் சாமிப் படமும் சண்டைப் படமும். சாமிக்கு நாலு கை. எது எந்தக் கை என்று யார் கணக்குப் பார்ப்பது?

இனிமேல் சமாதானம்தான் என்று பிரம்பைக் கீழே வைத்தேன். எங்கள் ஜனங்களை எனக்கு அப்போதும் சரியாகத் தெரியவில்லை.

பின்பக்கத்திலிருந்து ஆண்கள் கத்தினார்கள்: "பீச்சாங்கையால குடுத்தா எவ வாங்குவா? இன்னும் ரெண்டு வெச்சிருக்கணும்!"

முன்பக்கத்திலிருந்து பெண்கள் கத்தினார்கள்: "சோத்தாங்கையால மருவாதியா குடுத்த மனுசன அடிச்சிட்டாளே, பாவி! இவ வெளங்குவாளா?"

இடம் மாறியது, கட்சி மாறியது, சண்டை மட்டும் அப்படியே இருந்தது. காசியும் செல்லம்மாவும் திரைக்கு இரண்டு பக்கமும் நின்று, நேற்று வரை மற்றவர் சொன்னதைத் தாங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதலாளி மெஷின் மேடையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போது, பின்பக்கத்தில் தூண் மறைக்க உட்கார்ந்திருந்த என் மாமியார் முன் பெஞ்சியின் மேல் ஏறி நின்றார்.

"அடியே அமிர்தம்! அது எங்கட்டிலுடி!"

கூச்சல் நின்றது.

"எங்கட்டிலுதான்! தோ, கவுறு பின்னினது என் கை. எங்கூட்டு ஆத்தங்கரை. அன்னிக்கு நான் அங்கதான் வலை காய வெச்சிகினு இருந்தேன். பீச்சாங்கையாவது சோத்தாங்கையாவது, பேமானிங்களா! அந்தாளு கன்னத்துல கொசு குந்திச்சி, அவ அடிச்சா! எங்க ஆத்துக் கொசு ஒண்ணொண்ணும் ஈயாட்டம் இருக்கும். பொட்டி வெச்சிருந்தவன், 'ஐயோ, ஃபிலிமு வேஸ்டா பூடும், அப்படியே இருக்கட்டும்'னான். அப்பால அந்தாளு தொப்புனு குந்தினதுலதான் என் கட்டிலு காலு ஒடைஞ்சிச்சி. இதுக்கு நாயம் சொல்லுங்கய்யா மொதல்ல!"

காசி கேட்டார்: "காதர் பாயி, கொசுவக் காட்டு."

காதர் பாய் சுற்றினார். இரண்டு பக்கமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"தோ கீது! கன்னத்துல கறுப்பா!"

"அது மச்சண்டா!"

"மூக்காண்ட பறக்குது பாரு!"

"எந்தக் கன்னம்? எங்களுக்கு இந்தக் கன்னத்துல தெரியுது!"

"பொய்யி! அந்தக் கன்னம்!"

அந்தப் படம் அதற்குப் பிறகும் பல நாள் ஓடியது. இரண்டு எழுத்தாளர்கள் கடைசியில் சேர்ந்தார்களா செத்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. கொசுவைப் பார்க்க மாத்தூரிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். முதலாளி மாமியாருக்குப் புதுக் கட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே தர்மம் அதுதான்.

6. தூணோரத்துப் பாய்

ஆட்டம் விட்டதும் டென்ட் வாசலில் அமிர்தம் மூட்டையோடு நின்றாள். நான் ஓட்டமாகப் போனேன். சிரித்துக்கொண்டுதான் போனேன்.

"பார்த்தியா, நீ சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. கடைசியில வெறும் கொசு! வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் நகரவில்லை.

"கொசுவோ, கையோ, எனக்கின்னா வந்திச்சி? அந்தாளு எந்தக் கையால குடுத்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. நான் என் கண்ணால பாத்தேன்னு சொன்னேன். நீ எயிந்து வந்து பாத்தியா? பத்தடி தூரம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன்ன."

காசி பார்த்தார், பசிக்காகவாவது எழுந்து ஓடிப் பார்த்தார். நான் எத்தனையோ படங்களை அந்தத் திரை ஓரத்தில் நின்று இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சொன்னவன். ஒரு நாள்கூடப் பின்பக்கம் போய் உட்கார்ந்ததில்லை. அமிர்தம் எனக்குத் தினமும் நன்றாயிருந்தது என்று சொன்னாளே, அவள் எதைப் பார்த்துச் சொன்னாள் என்று நான் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது.

உள்ளே ஓடினேன். "காதர் பாய், அந்த இடத்தை இன்னொரு தரம் ஓட்டுங்க."

"கை வுட்டுப்போச்சு தோஸ்து."

"எனக்காக."

"சரி, சுத்தறேன். பாத்துட்டு எங்கூட்டுக்கும் ஒரு நடை வந்து சொல்லு."

பின்பக்கம் போனேன். தூணோரத்துப் பாயில் உட்கார்ந்தேன். தரையில் ஈரம். எதிரே கவிஞன் எழுந்து வந்தான், புத்தகத்தை நீட்டினான். இடது கை. சந்தேகமே இல்லை. நான் அமிர்தமாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வெளியே வந்து சொன்னேன்: "பீச்சாங்கைதான்."

அவள் மூட்டையை என்னிடம் நீட்டினாள். எந்தக் கையால் நீட்டினாள் என்று நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு ட்ரையல் என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. அவள் முன் பெஞ்சியில், நான் பின்பக்கப் பாயில். "அங்க இன்னா தெரியுது?" என்று அவள் கத்துவாள். "ராஜா இடது கையால பொட்டு வைக்கிறான்" என்று நான் கத்துவேன். "அப்போ கைய பத்திப் பேசாத, பொட்ட மட்டும் சொல்லு" என்பாள். நான் சொன்னதில் நன்றாயிருந்ததெல்லாம் அப்படி வந்ததுதான். பேசும் படம் வந்து என் வேலை போகிற வரையில் எங்கள் கொட்டகையில் கையைப் பற்றிய சண்டை வரவில்லை. கொசுவைப் பற்றிய சண்டை மட்டும் நெடுநாள் நடந்தது.

வாயை வைத்துப் பிழைக்கிற தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலாளி சொன்னபடி வாயைத் திறந்துகொண்டே இருங்கள். ஆனால் திறப்பதற்கு முன், கேட்கிறவர்கள் உட்காருகிற பாயில் ஒரு தரம் உட்கார்ந்து எழுந்திருங்கள்.

வேலை போய் நெடுங்காலம் கழித்து, ஒரு நாள் சாப்பிடும்போது அமிர்தத்தைக் கேட்டேன்: "நிசமா சொல்லு. அன்னிக்கு அந்தக் கொசுவை நீ பார்த்தியா?"

"பாத்தேனே," என்றாள் சோறு போட்டுக்கொண்டே.

நான் எத்தனையோ தரம் பார்த்தும் அந்தக் கொசு என் கண்ணில் பட்டதில்லை. அதனால் அவளிடம், எந்த இடத்திலிருந்து பார்த்தாய் என்று மட்டும் கேட்டேன்.